நாற்பது நொடி வாசிப்பு

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் பயப்படாத ஆள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பெயர் தர்மன். வயது நாற்பத்தொன்பது. இருபத்துநாலு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். ஒரு தடவை பாலாற்றுப் பாலத்தின் மேல் மாடு ஒன்று குறுக்கே பாய்ந்துவிட, அறுபது பேரோடு போன பஸ்ஸைக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்கிறார். பயணிகள் இறங்கி ஓவென்று அழுதார்களாம். இவர் இறங்கி மாட்டை ஓரமாக ஓட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, மொஹசின் முன்னால் உட்கார்ந்தால் கை நடுங்கும். மொஹசினுக்கு முப்பத்தொரு வயது. ரயில்வே ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆள், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பார். அவர்தான் என் வீட்டுக்காரருக்குத் தபலா சொல்லிக்கொடுக்கிறவர். இவர் அவரை 'உஸ்தாத்' என்பார். அவர் இவரை 'அண்ணா' என்பார். வகுப்பு முடிந்ததும் இந்த அண்ணன் அந்தத் தம்பியின் காலைத் தொட்டுக் கும்பிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் ஒருத்தி வீட்டில் இருக்கிறோம், ஒரு நாளாவது நம்மை நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று.

நான் துர்கா. செவிலிமேட்டில் எங்கள் வீடு. பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொடுப்பது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று என் அம்மா வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த வாயும் கையும் சும்மா இருந்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்லவேண்டியே இருந்திருக்காது.

ஏழு வருடத்துக்கு முன்னால், பேப்பர் படிக்கக் கண்ணாடி வாங்க அந்தக் கடைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற சின்ன அறையில் மொஹசின் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவர் கண்ணாடியை மறந்தார், பஸ்ஸை மறந்தார். அங்கே ஸ்டாண்டில் வண்டி நிறைய ஜனம் உட்கார்ந்துகொண்டு டிரைவரைத் திட்ட, இங்கே டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் அதே நேரத்துக்குப் போய், "எனக்குக் கத்துக்குடுப்பியாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

மொஹசின் சிரித்தாராம். "அண்ணா, ஸ்டீரிங் புடிச்ச கைண்ணா இது. வெரலு ஒண்ணொண்ணும் இம்மாம் பெருசு இருக்குது. வேணாம்ணா, வுட்ருங்க."

இவர் விடவில்லை. ஒரு மாதம் தினமும் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைசியில் மொஹசின்தான் இறங்கி வந்தார். "சரி, வாயால சொல்லுங்க. கை அப்புறம்" என்றார். அந்த 'அப்புறம்' வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை தபலாவைத் தொடக்கூட விடவில்லை. 'தா தின் தின் தா' என்று வாயால் சொல்லிக்கொண்டு, கையால் தாளம் தட்ட வேண்டும். குளிக்கும்போது சொல்வார். தோசை தின்றுகொண்டே சொல்வார். வண்டி ஓட்டும்போதும் உதடு அசைந்தபடி இருக்குமாம். "இன்னாக்கா, அண்ணனுக்கு எதனா வேண்டுதலா? மந்திரம் சொல்லிக்கினே வண்டி ஓட்டுறாரே" என்று பால் போடுகிறவர் என்னைக் கேட்டார். ஆமாம், என்னைக் கட்டிக்கொண்டதற்குப் பரிகாரம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு கை வந்தது. விரல் வெடித்தது, தோள் பிடித்துக்கொண்டது. தினம் இரண்டு மணி நேரம் அந்த முன்னறையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பார். நான் கத்திக் கத்திப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அவர் சொன்னதைக் கேட்டபின் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

அவர்கள் வித்தையில் ஒரு முறை இருக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவரிடம் எத்தனை வருடம் கற்றாலும் அதனால் மட்டும் சிஷ்யன் ஆகிவிட முடியாது. குரு கையால் மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டும். அதுவும் குருவுக்கும் பெரியவர் வந்து உட்கார்ந்து, சரி என்று சொன்னால்தான். மொஹசினுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாய்மாமன் மொய்னுதீன். இந்த ஊரில் பிறந்து ஹைதராபாத்தில் குடியேறியவர். அவருக்கு அவருடைய அப்பா, அப்பாவுக்குத் தாத்தா, தாத்தாவுக்கு வேறொருவர் என்று மேலே மேலே போகிறது. வாசிக்க உட்காரும்போது அந்தப் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் காதைத் தொட்டுக்கொள்வார்கள். நூல் கட்டிக்கொண்டவன் பெயர் அந்த வரிசையில் சேர்ந்துவிடும்.

"எங்க அப்பன் பேரு தெரியும் துர்கா. தாத்தன் பேரு தெரியும். கீழம்பி கிராமத்துல நிலத்த உழுதுக்கினு இருந்தவங்க. அதுக்கு மேல யாரு, இன்னான்னு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க ஆறு பேரு பேரு தெரியுது. ஏழாவதா என் பேரு வருமாம்" என்றார். இதைச் சொன்னபோது அவர் முகம் எனக்கு மறக்காது. வீடு கட்டினோம், பொண்ணைக் காலேஜில் சேர்த்தோம், எதற்குமே அந்த மனுஷன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. அவர் எனக்கு வேண்டும் என்று கேட்டது, எனக்குத் தெரிந்து, இது ஒன்றைத்தான்.

போன வருடம் வெயில் காலத்தில் மொஹசின் அவருக்கு ஒரு 'கத்' கொடுத்தார். பெரியவர்கள் முன்பே கட்டி வைத்துவிட்டுப் போன சின்ன வாசிப்பைக் கத் என்கிறார்கள். ஒரு அட்சரம் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இது மொய்னுதீனின் தாத்தா கட்டியதாம். மொத்தமே அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கேட்டால், ஒருத்தர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, கடைசிப் படியில் எதையோ மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, நின்று, மெதுவாகத் திரும்பி ஏறுவது மாதிரி எனக்கு இருக்கும். அந்த நிற்கிற இடத்தில் எனக்கு என்னவோ செய்யும். எனக்குத் தபலாவில் பிடித்தது அது ஒன்றுதான்.

கொடுத்தபோது மொஹசின் இவர் கையைத் தபலா மேல் வைக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறார். "நூல் கட்டி, மாமு சரின்னு சொல்ற வரைக்கும் இது நாலு சுவத்துக்குள்ளயே இருக்கணும்ணா." அதிலிருந்து இவர் அதை வாசிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுவார். சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்து ஊற்ற வாசித்த மனுஷனை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

நூல் கட்ட நாள் குறித்தாயிற்று. பக்ரீத் கழிந்த இரண்டாவது ஞாயிறு. மொய்னுதீன் பெரியவர் ஹைதராபாத்திலிருந்து வருகிறார். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது என் தம்பி பெண்டாட்டி சங்கீதா எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு கேலி போட்டாள். "இன்னா அண்ணி, அண்ணன் இன்னும் டப்பா தட்டிக்கினுதான் இருக்காரா? ஏழு வருசமாச்சே, ஒரு பாட்டாவது வந்துச்சா?" என்று. கீழே பத்துப் பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். என் சொந்தத் தம்பியும் போட்டிருந்தான்.

எனக்கு உச்சி மயிர் பற்றிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து முன்னறையில் அவர் அந்தக் கத்தை ஆரம்பித்தார். சமையலறை வாசலில் நின்று, பின்னாலிருந்து, போனில் எடுத்தேன். அவர் முதுகும் வலது தோளும் இரண்டு கையும் தெரியும். முகம் தெரியாது. நாற்பது நொடி. முடியப்போகிற நேரத்தில் மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்ட ஆரம்பிக்க, பழக்க தோஷத்தில், ஹாஸ்டலுக்குப் போய்விட்ட பெண்ணைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். அப்படியே அனுப்பினேன். 'இந்தாடி டப்பா' என்று கீழே எழுதினேன்.

கதவைத் திறக்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை, யாரையும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. போனில்தானே அனுப்பினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வாசித்தால்தான் வெளியே போகும் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது.

சங்கீதா வாயடைத்துப் போனாள். எனக்கு அன்று சாயங்காலம் வரை தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அவள் போன் செய்தாள். "அண்ணி, நான் என் பேஸ்புக்ல போட்டேன். 'எங்க அண்ணன் வாசிப்பு'ன்னு. அத யாரோ எடுத்து ஒரு மியூசிக் பேஜ்ல போட்டுட்டாங்க. 'இந்தக் கை யாருடையது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்'னு. எட்டாயிரம் பேரு பாத்துட்டாங்க!"

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். கட்டிக்கொண்டிருந்த குச்சு என் கையிலிருந்து நழுவிப் போயிற்று. "எடுடி அத! ஒடனே எடுடி!" என்று நான் கத்தின கத்தலில் அவள் அழுதுவிட்டாள். அவள் போட்டதை எடுத்தாள். மற்றவன் போட்டதை எப்படி எடுப்பது? என் பெண் அபிக்குப் போன் செய்தேன். சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அந்த வாரம்தான் லீவு முடிந்து போனாள். "மா, ரிப்போர்ட் பண்றேன்மா. ஆனா டைம் ஆவும். நீ அப்பாட்ட சொல்லிடு. சொன்னா ஒண்ணும் ஆவாது" என்றாள். சொன்னால் ஒன்றும் ஆகாதாம். இந்த ஏழு வருடத் தபலாவையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அவளா?

என் வீட்டுக்காரரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு எதுவும் தெரியாது. டிப்போவில் சிலர் பார்த்திருக்கலாம், முகம் தெரியாததால் யாரும் கேட்கவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். "இன்னாமா?" என்பார். "ஊறுகா வெச்சிருக்கேன்" என்பேன். அவர் போனதும் போனைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். எட்டாயிரம் பதினைந்தாயிரம் ஆயிற்று. பதினைந்து இருபத்தெட்டு ஆயிற்று. கீழே யார் யாரோ இந்தியில், தெலுங்கில், என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. புரியாததால் ஒவ்வொன்றும் ஹைதராபாத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

சோறு இறங்கவில்லை. கேட் சத்தம் கேட்டால் மொஹசின்தான் வந்துவிட்டாரோ என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு புடவைக்குக் குச்சு மாற்றிக் கட்டி, கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை. "உடம்பு சரியில்லியா? மூஞ்சி இன்னா இப்டி இருக்குது?" என்று இவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கை பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவலி என்றேன். தைலம் எடுத்து வந்து அவரே தேய்த்துவிட்டார். அந்தப் பாவி மனுஷன் தேய்க்கத் தேய்க்க எனக்குப் பயம் இன்னும் கூடித்தான் போயிற்று.

ஆறாம் நாள், இவரிடம் சொல்ல முடியாவிட்டால் மொஹசினிடமாவது சொல்லிவிடலாம் என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மொஹசின் எழுந்து ஸ்டூலைப் போட்டார். "வாங்கக்கா. நானே வரணும்னு இருந்தேன். மாமு டிக்கெட் போட்டாச்சு. இந்த வயசுல கத்துக்கினு நூல் கட்டிக்கிற மொத ஆளு நம்ம அண்ணன்தான்கா. மாமுகிட்ட நான் கேரண்டி குடுத்திருக்கேன்."

"கேரண்டின்னா?" என்று கேட்டேன். அவர் கண்ணில் அது இன்னும் படவில்லை என்று தெரிந்தது.

"எங்க வீட்டுப் பொருள வெளிய வுடமாட்டாருன்னு. அது ரொம்ப முக்கியம்கா எங்களுக்கு." அவர் கண்ணாடி துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். மொய்னுதீனின் தாத்தா தன் மகளை இன்னொரு தபலாக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தபோது, நகையோடு ஏழு கத்துகளையும் சீராகக் கொடுத்து அனுப்பினாராம். சீர் கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப எடுத்து யாராவது சமைப்பார்களா? அன்றையிலிருந்து அந்த ஏழையும் இவர்கள் வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. "எங்க மாமுக்கு அந்த ஏழும் தெரியும்கா. காதால கேட்டது. ஆனா ஒரு தடவ கூட கை வெக்கல. வெளிய போனது வெளிய போனதுதான்."

"வெய்யிலு ஜாஸ்தியா இருக்குது தம்பி, வரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் செவிலிமேடு வரை நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஒலிமுகமதுபேட்டையில் மொஹசின் வீடு. காலை பதினோரு மணி. இவர் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வழியில் மூன்று தடவை பட்டனைச் சரிபார்த்தார். மொஹசினின் அம்மா ரம்ஜான் பீ வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் வெள்ளை விரிப்பு. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் வாசிக்கிறவர்கள். நடுவில் ஒரு தட்டில் வறுத்த கடலையும் வெல்லமும், அதன் மேல் சிவப்பு நூல். நூல் கட்டியதும் குரு சிஷ்யனுக்கு அந்தக் கடலையை ஊட்டுவார் என்று மொஹசின் முன்பே சொல்லியிருந்தார். நான் பெண்கள் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தேன். போன் என் கைப்பையில் இருந்தது. அன்று காலை பார்த்தபோது நாற்பத்தோராயிரம்.

மொய்னுதீன் பெரியவர் வந்து உட்கார்ந்தார். எழுபது வயது இருக்கும். நல்ல உயரம். தமிழ் நன்றாகவே பேசினார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசுகிற மாதிரி மெதுவாக. இவரைப் பார்த்து, "பஸ் ஓட்றீங்க, இல்ல?" என்று சிரித்தார். இவர் தலையாட்டினார். பிறகு பெரியவர் ஜிப்பா பையிலிருந்து தன் போனை எடுத்து, விரிப்பின் நடுவில் வைத்து, தட்டினார்.

அந்தக் கூடத்தில் என் வீட்டுத் தபலா கேட்டது. மாடிப்படி இறங்கி வந்தது. நின்றது. திரும்பி ஏறியது. அதற்கப்புறம் என் குரல், எட்டூருக்குக் கேட்கிற என் குரல்: "அபி! மோட்டார நிறுத்துடி, டேங்க் ரொம்பி ஊத்துது!"

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பெரியவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். மொஹசின் முகத்தில் ரத்தமே இல்லை. "இது யாரு கை?" என்று பெரியவர் கேட்டார். கோபம் இல்லை. வெறுமனே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "என் கைதான் உஸ்தாத். நான்தான் எடுத்து அனுப்ச்சேன். தப்பு என்னுது" என்றார்.

"நீங்க எடுத்தீங்க."

"ஆமாம்."

"ரெண்டு கையும் தபலா மேல இருக்குது. உங்க முதுகு தெரியுது. எப்படி எடுத்தீங்க?"

இவர் பிடரியில் வேர்வை இறங்கி அந்தப் புதுச் சட்டை ஒட்டிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து சொல்லவேண்டியது நான்தான். எழுந்திரு, எழுந்திரு என்று மனசு அடிக்கிறது. ஒரு நாளும் ஓயாத என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ரம்ஜான் பீ என் முழங்கை மேல் கையை வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தக் கை இல்லாவிட்டால் நான் எழுந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றேன். "அவருக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. எங்க சொந்தக்காரங்க அவர கேலி பண்ணாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அனுப்பிட்டேன். பத்து நாளா தெரியும். சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு. எதனா தண்டன குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. அவருக்கு நூல கட்டிடுங்க. ஏழு வருசங்க." மூக்கும் கண்ணும் ஒழுக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு இவரிடம், "இங்க உட்காந்து பொய் சொன்னீங்க" என்றார்.

"ஆமாம் உஸ்தாத்."

"இந்த எடத்துல இனிமே சொல்லாதீங்க." "தபலா கொண்டாங்க. அதையே வாசிங்க."

இவர் உட்கார்ந்தார். மொஹசின் முன்னால் எப்போதும் நடுங்குகிற அந்தக் கை அன்று நடுங்கவில்லை. இறங்கி, நின்று, திரும்பி ஏறி, முடித்தார். அந்த நிற்கிற இடத்தில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகும் திறக்க நேரமாயிற்று.

"நல்லா இருந்துச்சு" என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. இதோட முடிஞ்சுது. இனிமே இத வாசிக்க வேணாம்."

இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு மட்டும் இல்ல. எனக்கும்தான். மொஹசினுக்கும்தான். ஏழு போச்சு, இது எட்டாவது. எங்க அப்பா எனக்குக் குடுத்தது. அம்பது வருசம் வாசிச்சிருக்கேன்." அவர் சொல்லிக்கொண்டே தன் போனிலிருந்து அதை அழித்தார். என்னைப் பார்த்து, "அம்மா, உங்க போன்லயும் அழிச்சிடுங்க. ஊர்ல எங்க எங்க போச்சோ போவட்டும். நம்ம வீட்ல வேணாம்" என்றார்.

'நம்ம வீடு' என்று சொன்னார். இவ்வளவு செய்த என்னையும் சேர்த்துச் சொன்னார். பிறகு மொஹசினைக் கூப்பிட்டு நூலைக் கையில் கொடுத்தார். மொஹசின் கட்டினார். கட்டும்போது அவர் அழுதார், கடலையை ஊட்டும்போதும் அழுதார். என் வீட்டுக்காரர் கடலையை மென்றுகொண்டே இரண்டு பேர் காலையும் தொட்டார். ஆறு பெயரையும் வரிசையாகச் சொல்லி, ஏழாவதாக 'தர்மன்' என்று பெரியவர் சொன்னார். எதற்காகப் பத்து நாள் செத்துப் பிழைத்தேனோ அது கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ ஏன்மா பத்து நாளா தனியா பயந்துக்கினு இருந்த? எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. அபி புகார் மேல் புகார் போட்டு, அந்தப் பக்கத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். சங்கீதா குரூப்பை விட்டே போய்விட்டாள். இவர் தினமும் வாசிக்கிறார், வேறு வேறு பாடம். இப்போது ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது. அந்தத் திறந்த ஜன்னலைப் பார்த்தால் எனக்கு உள்ளே குடைகிறது.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அந்தக் கூடத்தில் எல்லார் முன்னாலும் போனை எடுத்தேன். 'அழிக்கவா?' என்று அது கேட்டது. விரலை வைத்தேன். அந்த நிற்கிற இடம் ஞாபகம் வந்தது. அழிக்காமல் போனை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். இவர் டூட்டிக்குப் போன பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் கேட்கிறேன்.

நேற்று மத்தியானம் டூட்டி முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். மணிக்கட்டில் நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. "துர்கா, அந்தக் கத் இல்ல, அதுல நடுவுல ஒரு எடம் மறந்து போச்சு" என்றார். "வாசிக்கறதுக்கு இல்லமா. மனசுக்குள்ள சொல்லிக்கினு இருப்பேன், வண்டி ஓட்டும்போது. அதுக்குத் தடை இல்லியே. இப்ப ரெண்டு நாளா அந்த எடம் வந்தா அப்டியே வழுக்கிக்கினு போவுது. உஸ்தாத கேக்கவும் முடியாது. அவரும் இனிமே அத வாயால சொல்லக்கூடாது." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நீ போன்ல இருந்தத அன்னிக்கே அழிச்சிட்ட இல்ல?"

இருக்கிறது என்று சொன்னால், அவர் கையில் கட்டியிருக்கிற நூலுக்கு நானே இரண்டாம் தடவை கேடு செய்தவள் ஆவேன். இல்லை என்றால், அவர் மனசில் மிச்சம் இருப்பதும் இப்படியே ஒவ்வொரு இடமாக உதிர்ந்து போகும். பயம் அந்தப் பத்து நாளையும்விட மோசமாக வந்தது.

"அழிச்சிட்டேங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். திரும்பி இரண்டு எட்டு நடந்தார். நின்றார்.

"நெஜமாவாமா?" என்று கேட்டார்.

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.